ஒரு கட்டணம், ஆயிரம் இதழ்கள்: எங்களுக்கு வருவது எவ்வளவு?

கேள்வி: மாதம் ஒரு சின்னத் தொகை கட்டினால் ஆயிரக்கணக்கான பத்திரிகைகளைப் போனிலேயே படித்துவிடலாம். இந்தச் சேவைகள் வேகமாக வளர்கின்றன. உங்கள் இதழும் அப்படி ஒன்றில் கிடைக்கிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஆண்டுச் சந்தா கேட்கிறீர்கள்? காலத்துக்கு ஏற்ப மாற மாட்டீர்களா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: மாறியாயிற்று. அந்தச் சேவையில் நம் இதழைச் சேர்க்கலாம் என்று சொன்னதே நான்தான். முன்பெல்லாம் வெளிநாட்டுச் சந்தாதாரருக்கு இதழ் போய்ச் சேர ஒரு மாதம்கூட ஆகும். இப்போது டொராண்டோவில் இருப்பவரும் வெளியான அன்றே படிக்கிறார். கண் மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். 2011-ல் தொடங்கிய மேக்ஸ்டர் போன்ற சேவைகள் தமிழ் இதழ்களையும் உலகம் முழுக்கக் கொண்டுபோகின்றன. இதையெல்லாம் நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் சேவை வளர்ந்தால் அதில் உள்ள பத்திரிகையும் வளரும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இந்தச் சேவைகளில் பணம் எப்படிப் பிரிகிறது தெரியுமா? பெரும்பாலும் எல்லாச் சந்தாவும் ஒரே பானையில் விழுகிறது. சேவை நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். மிச்சத்தை எந்த இதழ் எவ்வளவு நேரம் படிக்கப்பட்டது என்ற கணக்கில் பிரிக்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நிருபர் மூன்று மாதம் அலைந்து எழுதிய கட்டுரையை நீங்கள் எட்டு நிமிடத்தில் படித்து முடித்துவிடுவீர்கள். நல்ல கவிதைக்கு இரண்டு நிமிடம் போதும். சமையல் குறிப்பைத் திறந்து அடுப்பருகே வைத்தால் ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கும். நிமிடத்துக்குக் காசு என்று வந்துவிட்டால் நான் எதை அச்சிட வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தக் கணக்குக்காகக் கவிதைப் பக்கத்தை நிறுத்த எனக்கு மனம் வராது.

நம்மைவிடப் பல மடங்கு பெரியவர்களே இதில் பட்டிருக்கிறார்கள். 2009-ல் காண்டே நாஸ்ட், ஹெர்ஸ்ட், டைம் உள்ளிட்ட ஐந்து அமெரிக்கப் பதிப்பகங்கள் கூடி, தங்கள் இதழ்களை விற்கத் தங்களுக்கென்றே ஒரு டிஜிட்டல் கடை திறக்கக் கூட்டு நிறுவனம் தொடங்கின. பின்னால் அதற்கு டெக்ஸ்சர் என்று பெயர். 2018-ல் அதை ஆப்பிள் வாங்கியது. மறு வருடம் மார்ச்சில் 300-க்கு மேற்பட்ட இதழ்களோடு மாதம் 9.99 டாலருக்கு, அந்தக் கடையை அடிப்படையாக வைத்து, ஆப்பிள் நியூஸ் பிளஸ் என்ற சந்தா சேவை வந்தது. வருமானத்தில் பாதியை ஆப்பிளே வைத்துக்கொள்ளும் என்று அப்போது செய்தி வெளியானது. சொந்தக் கடை வைத்திருந்தவர்கள், அதே கடைக்குச் சரக்குப் போடுபவர்களாக ஆனார்கள்.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆப்பிள் நியூஸ் பிளஸில் சேரவில்லை. 2020 ஜூனில் ஆப்பிளின் இலவசச் செய்திச் சேவையிலிருந்தும் விலகியது. வாசகரோடு நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள அங்கே வழியில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியக் காரணம். 2011-ல் இணையத்தில் படிக்கக் காசு கேட்டபோது அவர்களை நம்பாதவர்கள் நிறைய. 2023 முடிவில் அச்சு, டிஜிட்டல் எல்லாம் சேர்த்து அவர்களுடைய சந்தாதாரர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் விளையாட்டுக்கும் சமையலுக்கும் மட்டும் கட்டுபவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வாசகரோடான தொடர்பு அவர்கள் கையிலேயே இருக்கிறது.

எனக்கு மிகவும் வலிப்பது அந்த இடம்தான். எங்களுக்கு அந்தச் சேவையிலிருந்து வரும் கணக்குத் தாளில் எத்தனை பேர் திறந்தார்கள், எவ்வளவு ரூபாய் என்று இருக்கும். ஒரு பெயர்கூட இருக்காது. நேரடிச் சந்தாதாரர் ஒருவர் புதுப்பிக்காவிட்டால் நம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறோம். "உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் கட்டுகிறேன்" என்பார். "அந்தத் தொடரை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்?" என்று ஒருவர் சண்டைக்கு வருவார். சேவை வழியாகப் படித்தவர் விட்டுப்போனால் யார் போனார், எதில் மனம் கசந்து போனார் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று, ஆண்டுச் சந்தா முன்பணம். அதை நம்பித்தான் காகிதம் வாங்குகிறோம், எழுதுபவர்களுக்குப் பணம் கொடுக்கிறோம். சேவையின் பங்கு இதழ் வந்து மாதங்கள் கழித்துத்தான் கைக்கு வரும். 1941-லிருந்து வந்த கல்கியே 2020-ல் அச்சை விட்டுவிட்டு இணையத்துக்குப் போனது. அப்படியிருக்க, எங்களைப் போன்ற சின்ன மாத இதழுக்கு முன்பணம் எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் சேவையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எப்போதாவது புரட்டும் நாற்பது இதழ்களுக்கு அது போதும், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மாதம் வராவிட்டால் தபால்காரரை நிறுத்திக் கேட்பீர்களே, அந்த ஒன்றிரண்டு இதழ்களுக்கு நேரே சந்தா கட்டுங்கள். அவற்றில் நம் இதழ் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன்.

நம் ஆண்டுச் சந்தாவோடு மின்னிதழும் சேர்ந்தே வருகிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அச்சுப் பிரதி வேண்டாம், போனில் மட்டும் போதும் என்றாலும் எழுதுங்கள், மாற்றித் தருகிறோம்.