மரத்தில் தொங்கிய சோறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் மாதம் ஒரு வரலாற்றுச் சொற்பொழிவு நடத்துகிறோம். பத்துக் கூட்டங்களில் ஒன்பது தேச வரலாறு, கடைசி ஒன்று எங்கள் வட்டார வரலாறு. பன்னிரண்டு பேருக்கு மேல் வருவதில்லை. பிரபலமானவர்களை அழைத்தால் கூட்டம் கூடுமா?

ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

பன்னிரண்டு பேர் என்று சொல்ல ஏன் கூச்சப்படுகிறீர்கள்? ஐந்து பேர் வந்து அதில் மூன்று பேர் தூங்கிய கூட்டத்தில் நான் பேசியிருக்கிறேன். அதை விடுங்கள். ஒன்பதுக்கு ஒன்று என்று பங்கு போட்டீர்களே, எனக்குக் கோபம் அதில்தான்.

1930 ஏப்ரலில் ராஜாஜி ஏறக்குறைய நூறு பேரோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக, உங்கள் மாவட்டத்துச் சாலையில்தான். அவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போலீஸ் எந்த மரத்தைப் பிடித்து விசாரிக்கும்? இதில் எது தேச வரலாறு, எது வட்டார வரலாறு? பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

முப்பது வருடம் முன்பு டெல்டாவில் ஒரு நூலகத்தில் இதைப் பேசினேன். தேதிகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். முடிந்ததும் ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். "எங்க அம்மா கட்டுன பொட்டலமும் அதுல இருந்துச்சு தம்பி. வாழைநாரு அறுந்துடக் கூடாதுன்னு ரெண்டு சுத்து சுத்துனாங்களாம்" என்றார். நான் "ரொம்ப சந்தோஷம் ஐயா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எந்த ஊர், எந்த மரம், என்ன சோறு, வீட்டில் யாரும் பயப்படவில்லையா, ஒன்றுமே கேட்கவில்லை. மறுவருடம் போனபோது அவர் இல்லை. அன்று எனக்குப் போர்த்திய பொன்னாடை இன்னமும் பீரோவில் கிடக்கிறது, மடிப்புக் கலையாமல்.

ஆகவே, வரவேற்புரை, பொன்னாடை, நன்றியுரை என்று முக்கால் மணி நேரத்தை விழுங்காதீர்கள். பேச்சாளருக்கு அரை மணி போதும். மிச்ச நேரம் மைக் கீழே வரட்டும். சொல்வதை ஒருவர் நோட்டில் எழுதட்டும். ஊர், தெரு, யார் சொல்லிக் கேட்டது எல்லாம் சேர்த்து. வாய்வழிச் செய்தியில் தப்பு இருக்கும். இருக்கட்டும், அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிரபலமானவர்களைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள், இல்லையா? சரி, அந்தப் பன்னிரண்டு பேரில் வயதில் மூத்தவர் யார்? அடுத்த மாதத் தேதியை அவருக்குக் கொடுங்கள்.

அன்புடன்.