இராஜாக்களின் சரித்திரம் படிக்க நினைக்கும் மகளும் இன்ஜினீயரிங் சீட்டும்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட்டுப் பேசி முன்பணமும் கட்டிவிட்டீர்கள். மீதிப் பணத்துக்கு ஊரில் இருக்கும் நிலத்தை அடகு வைக்க யோசிக்கிறீர்கள். அவளோ, "வேதாகமத்தில் வரும் இஸ்ரவேல், யூதா ராஜாக்களின் சரித்திரத்தைப் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இது என்ன கிறுக்கு, ஊழியத்துக்குப் போகப்போகிறாளா, கல்யாணத்துக்குக் கேட்டால் என்ன படிப்பு என்று சொல்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள்.

பதறாதீர்கள். உங்கள் மகளுக்கு ஒரு கோளாறும் இல்லை. இனி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்த இன்ஜினீயரிங் சீட்டை விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்து, நிரல் எழுதுவதில் ஆசையும் உள்ள பிள்ளைக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஆசை இல்லாத பிள்ளைக்காக நிலத்தை அடகு வைத்து நடுத்தரமான ஒரு கல்லூரியில் இடம் வாங்குவது வேறு விஷயம். நாலு வருடம் அரியர்ஸோடு போராடி, கடைசியில் படித்த துறைக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். உங்கள் தம்பி அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அடமானத்துக்கு வட்டி கட்டப்போவது நீங்கள், வகுப்பில் உட்காரப்போவது அவள்.

"எப்படிப் பைத்தியமாய் இருக்கிறாள் பாருங்கள்" என்று அவளுடைய நோட்டிலிருந்து இரண்டு பக்கம் அனுப்பியிருந்தீர்களே, அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இரண்டாம் இராஜாக்கள் 21ஆம் அதிகாரம், எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் நாளாகமம் 33ஆம் அதிகாரம். இரண்டும் பழைய ஏற்பாட்டுப் புத்தகங்கள், இந்த அதிகாரங்கள் யூதா நாட்டு மனாசே ராஜாவைப் பற்றியவை. முதலாவதில் அவன் திருந்தவே இல்லை. யூதா அழிந்ததற்கே அவன் பாவம்தான் காரணம் என்று பிறகு சொல்லப்படுகிறது. இரண்டாவதில் அசீரியரின் சேனாபதிகள் அவனைச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் மன்றாடித் திருந்தித் திரும்பி வருகிறான். "இராஜாக்களை எழுதியவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் விட்டுவிட்டாரா?" என்று அடியில் எழுதியிருக்கிறாள்.

ஐயா, அது பைத்தியம் அல்ல. இரண்டு மூலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன, ஏன் என்று கேட்பதுதான் வரலாற்று ஆராய்ச்சியின் அடிப்படை வேலை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் அதைச் செய்துகொண்டிருக்கிறாள்.

அவள் கேட்ட கேள்விக்குப் பெரிய சரித்திரமே உண்டு. மனாசே 55 வருடம் ஆண்டான். யூதாவில் வேறு எவரும் அவ்வளவு காலம் ஆளவில்லை. அவ்வளவு கெட்டவனுக்கு அவ்வளவு நீண்ட ஆட்சி எப்படி என்ற கேள்விக்குப் பதிலாகவே நாளாகமம் அந்த மனந்திரும்புதலைச் சொல்கிறது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதர்களின் சட்டத் தொகுப்பில் இதே விவாதம் வருகிறது. யெரொபெயாம், ஆகாப், மனாசே ஆகிய மூன்று ராஜாக்களுக்கும் வரப்போகும் உலகில் பங்கில்லை என்று அது சொல்கிறது. உடனே ரபி யூதா என்ற ஆசிரியர் மறுத்து, நாளாகமத்தைக் காட்டி, மனாசேக்குப் பங்குண்டு என்கிறார். கிறிஸ்தவ மரபிலோ 'மனாசேயின் மன்றாட்டு' என்று ஒரு ஜெபமே வழங்கிவருகிறது. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றிலும் மனாசே இருக்கிறான். அப்புறம் வேதத்துக்கு வெளியே ஒரு சாட்சி. கி.மு. 681 முதல் 669 வரை ஆண்ட அசீரிய மன்னன் எசரத்தோன், நினிவேயில் தன் அரண்மனைக்கு மரமும் கல்லும் சுமந்து வரச் செய்த 22 ராஜாக்களின் பட்டியலில் யூதாவின் மனாசேயையும் களிமண் பட்டயத்தில் சேர்த்திருக்கிறான். அங்கே அவன் பாவியும் அல்ல, மனந்திரும்பியவனும் அல்ல. கப்பம் கட்டும் சிற்றரசன், அவ்வளவுதான். யூதர், கிறிஸ்தவர், அசீரியர் என்று ஒரே ராஜாவை மூன்று தரப்பிலிருந்தும் பார்ப்பதுதான் உங்கள் மகள் படிக்க நினைக்கும் படிப்பு.

சரி, எங்கே படிப்பது?

உங்கள் சபைப் போதகரான சேகரத்து ஐயர், பள்ளி முடித்த கையோடு வேதாகமக் கல்லூரியில் சேர்க்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. என்ற இறையியல் பட்டம் மதிப்புள்ளதுதான். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியிலும், பெங்களூரு யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜிலும், சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியிலும் நல்ல ஆசிரியர்கள் வழிவழியாக வந்திருக்கிறார்கள். ஆனால் பி.டி. முதன்மையாகத் திருப்பணிக்கான பயிற்சி. அவள் கேட்பது திருப்பணி அல்ல. பட்டம் முடித்து இருபத்தொரு வயதில் அந்த அழைப்பு அவளுக்கே வந்தால் அப்போது போகட்டும், கதவு திறந்துதான் இருக்கும். இன்னொன்று: ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் சிறிய வேதாகமக் கல்லூரிகள் தரும் பல பட்டங்களுக்கு அரசு அங்கீகாரம் கிடையாது. சபை அமைப்புகள் கொடுக்கும் அங்கீகாரம் வேறு, யு.ஜி.சி. அங்கீகாரம் வேறு. விளம்பரத்தில் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

நான் சொல்லும் வழி யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. அரசு கலைக் கல்லூரியிலோ உதவிபெறும் கல்லூரியிலோ பி.ஏ. வரலாறு. அதோடு சேர்த்து, அந்த மூன்று வருடமும் மொழி. பட்டத்தைவிட மொழிதான் முக்கியம்.

ஏனென்றால் இந்தத் துறையில் வாசலே மொழிதான். நல்ல பல்கலைக்கழகங்களின் முதுகலையில் நுழைபவர்கள் பெரும்பாலும் எபிரெயம் ஓரளவு தெரிந்தே வருவார்கள். தெரியாமல் போனால் முதல் வருடம் முழுக்க எழுத்தையும் வினைத்திரிபையும் மனப்பாடம் செய்வதிலேயே போய்விடும், அதுவும் வெளிநாட்டுச் செலவில். அந்த வருடத்தை அவள் இங்கேயே, வீட்டிலேயே, ஏறக்குறையச் செலவில்லாமல் முடித்துவிடலாம். எபிரெயத்துக்கு 22 எழுத்துகள்தான். வலமிருந்து இடமாகப் போகும். நம் உயிர்மெய் வரிசையைக் கற்ற பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரத்தில் எழுத்துப் பிடிபடும். வினைச்சொல் வடிவங்கள்தான் நேரம் எடுக்கும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் ரூத்தின் கதையையும், இரண்டாம் வருடத்தில் இராஜாக்களின் புத்தகங்களையும் அகராதி துணையோடு மூலத்தில் படிக்கலாம். இராஜாக்கள் பெரும்பாலும் நேரான உரைநடை. ஏசாயாவின் கவிதையைப் போலத் திணறடிக்காது. செஃபாரியா இணையதளத்தில் எபிரெய வேதம் முழுவதும் இலவசமாக இருக்கிறது. சவக்கடல் கரைக் குகைகளில் கிடைத்த பழைய பிரதிகளான சவக்கடல் சுருள்களின் தெளிவான படங்களை இஸ்ரேல் தொல்லியல் ஆணையம் இணையத்தில் போட்டிருக்கிறது. சாமுவேலின் புத்தகத்துக்கு அந்தச் சுருள்களில் கிடைத்த பழைய பிரதி, இன்றைய எபிரெயப் பிரதியோடு சில இடங்களில் வேறுபடுவதை அவளே பார்க்கலாம்.

எபிரெயம் வந்துவிட்டால் அடுத்த கதவுகள் தாமாகவே திறக்கும். இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் ராஜா மேசா தன் வெற்றியைப் பொறித்த கல், 1868இல் இன்றைய ஜோர்தானில் வெளியுலகின் கண்ணுக்குப் பட்டது, இப்போது பாரிஸ் லூவரில் இருக்கிறது. எழுத்து வடிவத்தை மட்டும் பழகிக்கொண்டால், எபிரெயம் படித்தவருக்கு அதன் மொழி பெரும்பாலும் புரியும். அதில் இஸ்ரவேலின் உம்ரி ராஜா வருகிறான். வேதத்தில் உம்ரிக்குச் சில வசனங்களே. அசீரியர்களோ அந்த நாட்டையே 'உம்ரியின் வீடு' என்று அழைத்தார்கள். தாண் நகர மேட்டில் 1993இல் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டில் 'தாவீதின் வீடு' என்று இருப்பதாகப் பெரும்பாலான அறிஞர்கள் படிக்கிறார்கள். எருசலேமில் தண்ணீருக்காகப் பாறையைக் குடைந்த சுரங்கத்தில் 1880இல் கண்டெடுத்த சீலோவாம் கல்வெட்டு இன்று இஸ்தான்புல்லில் இருக்கிறது. இரு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்ட கணத்தை அது சொல்கிறது. அரமேயம் எபிரெயத்துக்கு நெருங்கிய சொந்தம். அசீரியரின் அக்காதிய மொழி கடினம். நூற்றுக்கணக்கான ஆப்பெழுத்துக் குறிகளைக் கற்க வேண்டும். அதை முதுகலைக்கு விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பில் படிக்க ஒராக் என்ற இணையத் தொகுப்பு இலவசமாக இருக்கிறது. அதில் அசீரிய மன்னன் சனகெரிப்பின் கி.மு. 701ஆம் ஆண்டுப் படையெடுப்பை அவள் படிக்கட்டும். யூதாவின் ராஜா எசேக்கியாவைக் கூண்டுப் பறவை போல எருசலேமில் அடைத்தேன் என்கிறான், நகரத்தைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. எசேக்கியா கப்பமாகக் கொடுத்த பொன் 30 தாலந்து (அக்கால எடையளவு) என்பதில் அசீரியப் பட்டயமும் வேதமும் ஒத்துப்போகின்றன. வெள்ளிதான் ஒன்றில் 800, மற்றதில் 300. சோழர் மெய்க்கீர்த்தியை எப்படி எச்சரிக்கையோடு படிக்க வேண்டுமோ அப்படித்தான் இதையும் படிக்க வேண்டும். அதனால் கல்லூரியில் தமிழ்க் கல்வெட்டியல் பாடம் இருந்தால் கட்டாயம் எடுக்கட்டும். அந்தக் கண் இங்கும் உதவும், அங்கும் உதவும்.

இரண்டாவது மொழி ஜெர்மன். பழைய ஏற்பாட்டு ஆராய்ச்சியின் முக்கியமான நூல்கள் பல அந்த மொழியில் எழுதப்பட்டன, இன்றும் எழுதப்படுகின்றன. கோதே நிறுவனத்தின் தேர்வுகளைப் படிப்படியாக எழுதி, இடைநிலைக்கு மேலான பி2 நிலை வரை வந்துவிட்டால், ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் அந்தச் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு.

விசுவாசம் போய்விடுமோ என்ற பயத்தை நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தாலும், உங்களை அதிகம் வாட்டுவது அதுதான் என்று தெரிகிறது. உண்மையைச் சொல்கிறேன். சாலொமோனின் ராஜ்யம் அவ்வளவு பெரியதாக இருந்ததா என்று சந்தேகிக்கும் பேராசிரியர்களை அவள் சந்திப்பாள். இஸ்ரவேலின் ராஜா ஆகாப் 2,000 ரதங்களோடு கி.மு. 853இல் சிரியாவின் கார்காரில் அசீரியரை எதிர்த்த போர் வேதத்தில் ஏன் இல்லை என்று யோசிப்பாள். சில இரவு தூக்கம் வராது. ஆனால் இராஜாக்களையும் நாளாகமத்தையும் ஒன்றாக்காமல், இரண்டையும் அப்படியே காப்பாற்றித் தந்தவர்கள் வேதத்தை நேசித்தவர்கள்தான். அது முதலில் யூதர்களின் வேதம் என்பதையும் அவள் கற்றுக்கொள்வாள். அவர்கள் வரிசையில் இராஜாக்கள் தீர்க்கதரிசிகளின் பகுதியில் இருக்கிறது. நாளாகமம் கடைசிப் புத்தகம், பெர்சிய மன்னன் கோரேஸின் கட்டளையோடு முடிகிறது. கேள்வி கேட்காதே என்று வாயை அடைத்தால் அவள் உங்களிடம் கேட்பதை நிறுத்துவாள், கேள்வி நிற்காது.

இனிப் பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உதவிபெறும் கல்லூரியில் சேர்க்கும்போது அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரே வளாகம், ஒரே பாடம், ஆனால் கட்டணம் பல மடங்கு வித்தியாசப்படும். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் வரும். கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம். தமிழ்வழி என்பதால் ஆங்கிலத்துக்கும் இப்போதிருந்தே உழைக்க வேண்டும்.

வெளிநாட்டு முதுகலைக்குக் கடன் வாங்கவே கூடாது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தில் நம் போன்றவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக ஏறக்குறைய 11,900 யூரோவை மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அது பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். வங்கியில் 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். இந்தத் துறையின் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு தருவது போன்ற முழு உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவவியல் துறையிலோ, எம்.ஏ. வரலாற்றிலோ சேர்ந்துகொண்டு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கட்டும். டெல் அவிவிலும் எருசலேமிலும் இதற்கென்றே ஆங்கிலவழி முதுகலைகள் உண்டு. இருந்தாலும் போர் அபாயம் உள்ள பகுதிக்கு ஒரே பிள்ளையை அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தின் லெய்டன், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களை முதலில் பாருங்கள்.

வேலை? இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். யு.ஜி.சி. நெட் தேர்வை வரலாற்றிலும் எழுதலாம், சமயங்களின் ஒப்பாய்வு என்ற பாடத்திலும் எழுதலாம். இரண்டாவதை இங்கே பலர் கேள்விப்பட்டதே இல்லை. வேதாகம மொழிபெயர்ப்பில், மூலமொழி தெரிந்த ஆலோசகர்களின் தேவை இந்தியாவின் சிறிய மொழிகளில் தொடர்ந்து இருக்கிறது. இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பிக்க வேண்டுமானால் பி.டி.யும் அதற்கு மேல் இறையியல் முதுகலைப் பட்டமான எம்.டிஹெச்.சும் வேண்டும். முப்பது வயதுக்கு முன்னால் நிலையான சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள். இதை அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவள் இதையே சொன்னால் அப்புறம் தடுக்க வேண்டாம். எதுவும் அமையாவிட்டாலும் பி.ஏ. வரலாறு வீணாகாது. பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கல்யாணப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல. பதினேழு வயதுப் பிள்ளையின் படிப்பை, இன்னும் வராத மாப்பிள்ளை வீட்டாரின் வாய்க்குப் பயந்து தீர்மானிக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்து, இன்றே அவளை உட்காரவைத்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இன்ஜினீயரிங் கல்லூரியில் கட்டிய முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. சேர்க்கையை ரத்து செய்யச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும், அதே நாளில் ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு, அப்புறம் தம்பிக்குப் போன் செய்யுங்கள்.