பொலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் பெரியப்பா நெல் அளந்தார். 'பொலி, பொலி' என்று குவியலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, முதல் மரக்காலை 'லாபம்' என்று எண்ணினார். பொருள் கேட்டால் "பொலின்னா பொலிதான்டா" என்கிறார். 'பலி'தான் அப்படித் திரிந்தது என்கிறார் நண்பர் ஒருவர். சரியா? 'பொலிவு' இதிலிருந்து வந்ததா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொலிதல் என்றால் பெருகுதல். ஐங்குறுநூற்றின் முதல் பாட்டிலேயே 'நெற்பல பொலிக! பொன்பெரிது சிறக்க!' என்ற வாழ்த்து வருகிறது. பொன் சிறந்தால் போதும், நெல்தான் பொலிய வேண்டும். ஒரு மணி விதைத்தால் ஒரு கதிராவது நெல்தானே! அதைப் பாடிய ஓரம்போகியார் யோசித்தே சொல்லைப் போட்டிருக்கிறார் என்பேன்.

பசுவோடு சேர்க்கும் காளை பொலிகாளை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். எல்லாம் பெருகுபவை, பெருக்குபவை.

களத்துக்கு வருவோம். தலையடி, அதாவது கட்டுகளைக் கையால் அடிப்பது முடிந்து, மாடுகளைப் பிணைத்துத் தாளை மிதிக்கவிடும் பிணையல் ஓட்டி, முறத்தில் அள்ளித் தூற்றுவார்கள். பதர் காற்றோடு தள்ளிப் போய் விழும். அரைகுறையாய் முற்றிய கருக்காய் அதற்குக் கொஞ்சம் முன்னால். கனத்த மணி காலடியிலேயே குவியும். அந்தக் குவியல்தான் பொலி. வயலில் அது கதிர், குதிருக்குப் போனால் நெல். நடுவே களத்தில் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கென்று தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்! விளைச்சலை வாரமாகப் பங்கு பிரிக்கும்வரை யாரும் கைவைக்காதிருக்க அதன்மேல் சாணிப்பாலால் குறி போடுவதும் உண்டு.

பொலிவும் இந்தச் சொல்தான். நிறைந்ததைப் பார்த்த கண்ணுக்கு அது அழகாகவும் பட்டிருக்கிறது என்பது என் எண்ணம். நம்மாழ்வார் அடியார்கள் மண்மேல் மலிந்து வருவதைக் கண்டு 'பொலிக பொலிக பொலிக' என்கிறார். எனக்கு அது எப்போதும் களத்துக் குரலாகவே கேட்கிறது. இலங்கையின் மட்டக்களப்பில் சூடு மிதிக்கையில், அதாவது போரடிக்கையில் பாடும் பாட்டிலும் 'பொலியோ பொலி' உண்டு.

முதல் மரக்கால் 'லாபம்' ஆவதும் இதே மனசுதான்: கணக்கு மங்கலமாகத் தொடங்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் நேராக டிராக்டர் பெட்டிக்குப் போய்விடுகிறது. தூற்றலும் இல்லை, பொலியும் இல்லை. பெரியப்பா அடுத்த முறை அளக்கும்போது முழுவதையும் போனில் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் ஊரில் பொலியின் உச்சியில் சாணிப் பிள்ளையார் வைப்பார்களா என்றும் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.