பாதி விலைக்காரரிடம் மாறும் முன்

வணக்கம். அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்த கழிவு மூட்டைகளை இனி எடுக்க முடியாது என்று பழைய ஒப்பந்ததாரர் கைவிரித்துவிட்டார், பாதி விலைக்கு இன்னொருவர் வருகிறார், மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

பழையவரைக் கோபித்துப் பயனில்லை. பல நாடுகளின் மறுசுழற்சிக் கழிவை வாங்கிவந்த சீனா, 2018இல் 24 வகைக் கழிவுகளின் இறக்குமதியைத் தடுத்தது. அனுமதித்த பெரும்பாலான சரக்கிலும் வேறு பொருள்களின் கலப்பு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2021 ஜனவரி முதல், கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தத்தின் திருத்தத்தின்படி, கலந்த, அழுக்கான பிளாஸ்டிக்கை வேறு நாட்டுக்கு அனுப்புவதற்கு, அதைப் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை. கலந்த சரக்கைச் சீந்துவார் இல்லை. அதனால்தான் அவரும் கைவிரித்திருக்கிறார்.

புதியவரிடம் உரிமத்தின் நகலையும், சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கான ரசீதையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கழிவு எங்கோ ஓடைக்கரையில் கிடந்தால், அதை உருவாக்கியவரையும் பிடிக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் பலன் தந்தது ஒன்றுதான்: வாசலில் பிரிக்காமல், கழிவு உருவாகும் மேசையருகிலேயே இரண்டு தொட்டிகள் வைத்தோம். (முதல் வாரம் தேநீர்க் குவளைகள் எல்லாம் அட்டைத் தொட்டியில்தான் விழுந்தன.) அட்டை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நனைந்தால் மதிப்புப் போய்விடும். பிறகு பழையவரிடமே பிரித்த சரக்குக்குத் தனி விலை கேளுங்கள்.