கேள்வி – பதில்: லெனின்கிராடில் காக்கப்பட்ட விதைகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது லெனின்கிராடு விஞ்ஞானிகள் சிலர், விதைச் சேமிப்பைத் தொடாமல் பட்டினியால் இறந்தார்கள் என்று படித்தேன். கைக்கெட்டும் தூரத்தில் தானியத்தை வைத்துக்கொண்டு சாவது அறிவுடைமையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது தானியக் கிடங்காக இருந்திருந்தால் உங்கள் கேள்வி நியாயமானதே. சோவியத் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவும் அவருடைய சகாக்களும் பல நாடுகளில் அலைந்து திரட்டிய ஏறத்தாழ 2 லட்சம் மாதிரிகள், லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) புனித ஐசக் சதுக்கத்திலிருந்த தாவர ஆய்வு நிறுவனத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிறு பொட்டலம். ஒரு பொட்டலத்தைப் பொரித்துத் தின்றால் ஒருவேளைப் பசிகூட ஆறாது. ஆனால், அந்த ரகம் விளைந்த ஊரிலேயே வழக்கொழிந்து போயிருந்தால், அதை மீண்டும் எங்கும் தேட முடியாது. விதைநெல்லைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மன் படைகள் 1941 செப்டம்பரில் தொடங்கிய நகர முற்றுகை 872 நாள்கள் நீடித்தது. முதல் குளிர்காலத்தில் அலுவலகப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டிதான் கிடைத்தது. நெல் பிரிவைக் கவனித்த திமீத்ரி இவானோவ் பட்டினியால் இறந்தபோது, அவர் காத்துவந்த ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாந்தர் ஷூக்கின் தம் மேசையிலேயே உயிர்விட்டார். வாவிலோவ் அப்போது அங்கில்லை. ஸ்டாலின் ஆட்சியில் 1940இல் கைதான அவர், 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் இறந்தார்.

என்னைக் கேட்டால், தானியத்தைவிட உருளைக்கிழங்கைக் காத்ததுதான் பெரும்பாடு. நெல்லை உலர்த்தி வைத்து, எலியிடமிருந்து காத்தால் சில ஆண்டுகள் முளைப்புத்திறன் நிற்கும். உருளைக்கிழங்கு ரகத்தையோ, விதையிட்டு மாறாமல் பெற முடியாது என்பதால், கிழங்காகவே வைத்திருந்து ஆண்டுதோறும் நட்டாக வேண்டும். உறைபனி பட்டால் அழுகிவிடும். ஆண்டிஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த ரகங்களைப் நகருக்கு வெளியே பாவ்லோவ்ஸ்கிலிருந்த நிறுவன வயல்களிலிருந்து குண்டுவீச்சுக்கிடையே தோண்டி எடுத்து, நகரின் நிலவறை ஒன்றில் அடுக்கினார்கள். வீட்டைச் சூடாக்கவே விறகில்லாத நகரத்தில், அந்த அறை உறைந்துவிடாதபடி கிடைத்த மரத்துண்டுகளையெல்லாம் எரித்தார்கள். 1942 வசந்தத்தில் அவற்றை மீண்டும் நட்டார்கள்.

அந்தக் கிழங்குகளுக்குக் காவலிருந்தவர்களில் ஒருவரான வாதிம் லெக்னோவிச்சிடம் பின்னாளில் இதே கேள்வி கேட்கப்பட்டது. காலையில் எழுவதும் கைகால்களை அசைப்பதும்தான் தாங்க முடியாத கடினமாக இருந்தன என்றும், சேமிப்பை உண்ணாமல் இருந்தது சிறிதும் கடினமாக இல்லை என்றும் அவர் பதில் சொன்னார்.