பிணையச் சேமிப்பில் கோப்பு கெடுகிறதா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) பகிர்வு வைத்திருக்கிறோம். அதில் நகலெடுக்கும் பெரிய கோப்புகள் சில நேரம் கெட்டுப்போகின்றன. பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மட்டும் மாறிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்தக் கெட்ட கோப்பை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். பலரும் எரிச்சலில் உடனே நல்ல நகலை அதன் மேலேயே எழுதிவிடுகிறார்கள். கையில் இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது.

அடுத்து, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பாருங்கள். ஒரே கோப்புக்கு சர்வரிலேயே உட்கார்ந்து ஒரு முறையும், கிளையன்ட்டில் (பகிர்வைப் பயன்படுத்தும் கணினியில்) ஒரு முறையும், செக்சம் கணக்கிடும் 'ஷா256சம்' கட்டளையைப் போடுங்கள். சர்வரில் சரியாகவும் கிளையன்ட்டில் தவறாகவும் வந்தால், கிளையன்ட்டில் 'சிங்க்' கொடுத்துவிட்டு, 'டிராப்_கேஷஸ்' கோப்பில் 3 என்று எழுதி, படித்த தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷைக் காலிசெய்து மறுபடி பாருங்கள். இப்போது சரியாக வந்து, அப்படியே நிலைத்தால் கேஷில் பழைய பக்கம் (4096 பைட் கொண்ட நினைவகப் பகுதி) தங்கியிருந்திருக்கிறது. படிக்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தால் நெட்வொர்க் கார்டையோ ராமையோ சந்தேகிக்கலாம். கேஷைக் காலிசெய்த பிறகும் சர்வரிலேயே எப்போதும் ஒரே தவறான விடைதான் என்றால், பெரும்பாலும் எழுதும்போதே கெட்டிருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான வேலை. மூலக் கோப்பையும் கெட்ட கோப்பையும் 'சிஎம்பி -எல்' கொண்டு ஒப்பிடுங்கள். மாறிய பைட்டின் இடத்தையும், இரண்டு மதிப்புகளையும் எட்டடிமான எண்ணில் அது காட்டும். இடத்தை 1 முதல் எண்ணுவதால், ஒன்றைக் கழித்துவிட்டு 4096ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டு, அங்கிருந்து வரிசையாக 0 மட்டுமே இருந்தால், முழுப் பக்கங்கள் சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, 'சாஃப்ட்' மவுண்ட் (பகிர்வைக் கிளையன்ட்டில் இணைக்கும்போது கொடுக்கும் ஒரு விருப்பம்). சர்வர் தாமதித்தால் கிளையன்ட் அந்த எழுத்தைக் கைவிட்டுவிடும். எழுதிய நிரலுக்கோ 'ரைட்' வெற்றி என்று முன்பே விடை போயிருக்கும். பிழை 'எஃப்சிங்க்' அல்லது 'குளோஸ்' அழைப்பில்தான் தலைகாட்டும். 'குளோஸ்' தரும் மதிப்பைப் பார்க்காத நிரல்கள் ஏராளம். பிழைச் செய்தி வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' கொடுத்தால் மவுண்ட் விருப்பங்கள் தெரியும். 'ஹார்ட்' என்று மாற்றுங்கள். இரண்டாவது, எதைப் பகிர்வது என்று சொல்லும் சர்வரின் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பில் 'ஏசிங்க்' இருப்பது. தரவு டிஸ்க்கில் இறங்கும் முன்பே "எழுதிவிட்டேன்" என்று சர்வர் சொல்லிவிடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் தரவும் போயிற்று. வேகத்துக்காக இதை வைத்துக்கொள்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எட்டடிமானத்தில் 101 இருக்க வேண்டிய இடத்தில் 141 என்பதுபோல் ஒரேயொரு பிட் மட்டும் புரண்டிருந்தால் ராமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86+ஐ ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். சர்வரோடு நிறுத்தாமல் கிளையன்ட்டையும் சோதிக்க வேண்டும்.

1,480 பைட் நீளத்தில் வேறோர் இடத்துத் தரவு செருகியிருந்தால், மவுண்ட் யுடிபி வழியாக இருக்கிறதா என்று பாருங்கள் (யுடிபி, டிசிபி இரண்டும் நெட்வொர்க்கில் தரவை அனுப்பும் நெறிமுறைகள்). 1,500 பைட் பாக்கெட்டில் ஐபி தலைப்பு 20 போக மிஞ்சுவது 1,480. பெரிய கோரிக்கை இந்த அளவுள்ள துண்டுகளாகப் பிரிந்து போகும். துண்டுகளை மறுபடி ஒட்டுவதற்கான அடையாள எண் 16 பிட்தான். 65,536க்குப் பிறகு திரும்ப முதலிலிருந்து வரும். லினக்ஸோ முழுமையடையாத துண்டுகளை 30 விநாடி வைத்திருக்கும். கிகாபிட் வேகத்தில் 32 கேபி கோரிக்கைகள் நெருக்கமாகப் போனால் அதற்குள் எண் ஒரு சுற்று வந்துவிடும். பழைய துண்டு புதியதோடு ஒட்டிக்கொள்ளும். யுடிபியின் 16 பிட் செக்சம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. டிசிபிக்கு மாறினால் இந்தக் கோளாறு தீரும்.

இது எதிலும் அடங்காவிட்டால் 'ஈத்டூல் -கே' (பெரிய எழுத்து K) மூலம் கார்டின் செக்சம் ஆஃப்லோடை (செக்சம் வேலையைக் கார்டே செய்வதை) இரு திசையிலும் நிறுத்திப் பாருங்கள். கார்டு சரிபார்த்து முடித்த பிறகு, நினைவகத்துக்குப் போகும் வழியில் கெடும் தரவை வேறு யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தியதும் கோளாறு நின்றால் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், அல்லது கார்டை மாற்றுங்கள்.

கேள்வி: நான்கு கணினிகள் ஒரே லாக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. வரிகள் காணாமல் போகின்றன, இடையிடையே நல் எழுத்துகள் (மதிப்பு 0 உள்ள பைட்டுகள்). ஏன்?

பதில்: "கோப்பின் கடைசியில் சேர்" என்ற கட்டளையே என்எஃப்எஸ் நெறிமுறையில் இல்லை. ஒவ்வொரு கிளையன்ட்டும் தனக்குத் தெரிந்த கோப்பு அளவை வைத்துக் கடைசி இடத்தைக் கணக்கிடுகிறது. இரண்டு கணினிகள் ஒரே இடத்தைக் கடைசி என்று எடுத்துக்கொண்டால் ஒன்றின் வரி மற்றதை அழிக்கும். அடுத்தவரின் தரவு வந்து சேருமுன் அதைத் தாண்டி எழுதிவிட்டால், நடுவில் நல் பள்ளம் விழும். 'எஃப்சிஎன்டிஎல்' பூட்டு போட்டு எழுதலாம், ஆனால் மவுண்டில் 'நோலாக்' இருந்தால் அந்தப் பூட்டு அந்தக் கணினிக்குள் மட்டுமே செல்லும். கணினிக்கு ஒரு லாக் கோப்பு என்று பிரித்துவிடுவதே நல்லது.

கேள்வி: பகிர்வில் எஸ்க்யூலைட் தரவுத்தளம் வைத்துப் பல கணினிகளிலிருந்து பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பூட்டுகள் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் தரவுத்தளம் கெடும். அதன் 'வால்' முறைக்கோ (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை) பகிர்ந்த நினைவகம் தேவை. எல்லா நிரல்களும் ஒரே கணினியில் ஓடினால்தான் அது நடக்கும். பல கணினிகள் எழுத வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் போன்ற ஒன்றைச் சர்வரில் நிறுவி, அதன் வழியாக எழுதுங்கள்.