பாட்டியின் நோட்டும் ஒரு கிண்ணம் தோல் சூப்பும்

கேள்வி: நான் மதுரைப் பெண். திருமணமாகி லண்டனில் இருக்கிறேன். கணவரின் பாட்டி ஹங்கேரிய யூதர். 1944-இல் 16 வயதில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து 1945 ஏப்ரல் 15 அன்று மீட்கப்பட்டவர். நான்கு வருஷத்துக்கு முன் காலமானார். அவர் கையால் எழுதிய சமையல் நோட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் உள்ள ‘ஃப்ளோட்னி’ என்ற அடுக்கு கேக்கைச் செய்து பார்த்தேன். மாவு 50, கொழுப்பு 25, சர்க்கரை 10, நான்கு மஞ்சள் கரு, ‘தாங்குமளவு’ ஒயின் என்றிருந்தது. எல்லாம் குழம்பாகிவிட்டது. ஒவ்வொரு ஏப்ரல் 15-ஆம் தேதியும் பாட்டி உருளைக்கிழங்குத் தோல் சூப் வைப்பாராம். மாமியார் இப்போது என்னை வைக்கச் சொல்கிறார். 6, 9 வயதுக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கலாமா? மேலும் 2026-இல் அவர்களுடைய ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு நாளும் நம் வருஷப் பிறப்பும் ஏப்ரல் 14 அன்றே வருகின்றன. எப்படிச் சமாளிப்பது? — ஒரு வாசகி, லண்டன்

பதில்: நோட்டிலிருந்தே தொடங்குவோம். மாவு குழம்பானது உங்கள் கைப்பிழையால் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ‘டிகேஜி’ என்று மூன்று எழுத்துகள் இருக்கிறதா பாருங்கள். ஹங்கேரியில் சமையல் அளவு இன்றைக்கும் ‘டெக்கா’தான். ஒரு டெக்கா என்றால் 10 கிராம். பாட்டி கேட்டது அரைக் கிலோ மாவு. நீங்கள் போட்டது 50 கிராம். அந்த ஒரு பிடி மாவில் நான்கு மஞ்சள் கருவும் ஒயினும் விழுந்தால் வேறு என்ன ஆகும்?

இதே மாதிரி இன்னும் சில சொற்கள் தடுக்கிவிடும். ‘தியோ’ என்றால் வால்நட். ஆனால் ‘தியோன்யி’ என்று வந்தால் அது ஒரு வால்நட் பருமன், அதாவது சுமார் 20 கிராம் கொழுப்பு என்று பொருள். வால்நட்டைப் போட்டுவிடாதீர்கள். ‘எவோகனால்’ நம் மேசைக்கரண்டி, 15 மி.லி. ‘காவேஷ்கனால்’ தேக்கரண்டி, 5 மி.லி. ‘மாக்’ கசகசா, ‘ஆல்மா’ ஆப்பிள், ‘லெக்வார்’ கெட்டியான பழ ஜாம். ‘ஜீர்’ என்பது பொதுவாகக் கொழுப்பு. ஹங்கேரியர் வீடுகளில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பைக் குறிக்கும், யூதர் வீட்டு நோட்டில் வாத்துக் கொழுப்பு.

இனி ஃப்ளோட்னி. ஐந்து மாவு அடுக்கு, நடுவே நான்கு பூரணம். 20-க்கு 30 செ.மீ. தட்டு, 5 செ.மீ. ஆழமாவது வேண்டும்.

மைதா 500 கிராம், குளிர்ந்த கொழுப்பு 250, சர்க்கரை 100, அரைத் தேக்கரண்டி உப்பு. கொழுப்பை விரல் நுனியால் மாவில் பிசிறி, ரவைப் பதம் வந்ததும் நான்கு மஞ்சள் கருவைச் சேருங்கள். பிறகு இனிப்பில்லாத வெள்ளை ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ‘தாங்குமளவு’ என்று பாட்டி எழுதியது சோம்பலால் இல்லை, மாவுக்கு மாவு ஈரம் மாறும் என்பதால். வாத்துக் கொழுப்பில் தண்ணீர் கிடையாது, அதனால் சுமார் 150 மி.லி. குடிக்கும். மார்ஜரினில் (தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்று) ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால் 100 மி.லி.யே போதும். உருண்டையாகச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசைந்தால் வேகும்போது சுருங்கி இறுகிவிடும். ஐந்து சமபாகம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிராம். மூடி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில்.

கசகசா 250 கிராம். நம் ஊர் வெள்ளைக் கசகசா வேண்டாம். சுவை மென்மையாக இருக்கும், வெட்டும்போது அந்தக் கருப்புக் கோடும் தெரியாது. உங்கள் ஊர் போலிஷ் கடைகளில் நீலக் கசகசா கிடைக்கும். சர்க்கரை 150 கிராமில் பாதியைச் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து கூழாகும். முழுதாகப் போட்டால் ஈரத்தை இழுக்காமல் மணல்போல் நெறுநெறுக்கும். முந்தின நாளே அரைத்து வைத்தால் எண்ணெய் சிக்கடித்துக் கசக்கும். அரைத்ததை மீதிச் சர்க்கரை, 100 மி.லி. ஒயின், எலுமிச்சைத் தோல் துருவல், ஒரு பிடி உலர் திராட்சையோடு ஐந்து நிமிடம் கிளறி இறக்குங்கள்.

வால்நட் 250 கிராம் பொடித்து, 150 சர்க்கரை, 100 மி.லி. சூடான ஒயின் விட்டுப் பிசைந்தால் முடிந்தது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது ஆப்பிளில்தான். ஒரு கிலோ புளிப்பு ஆப்பிளைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, 50 கிராம் சர்க்கரையும் ஒரு தேக்கரண்டிப் பட்டைப் பொடியும் போட்டு, அடிச்சட்டி வறளும்வரை பத்து நிமிடம் வதக்குங்கள். ஆற வைத்துத்தான் பரப்ப வேண்டும். கீழே உள்ள மாவின் மேல் முதலில் இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித்தூள் தூவுங்கள், மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். காய்ந்த ரொட்டியைப் பொடித்து வைப்பது அந்த ஊர் அடுக்களையின் அன்றாட வேலை. ரொட்டியைத் தூக்கி எறியவே மாட்டாத பலர் முகாம்களிலிருந்து மீண்டவர்களிடையே உண்டு. ஆஷ்விட்ஸில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது சுமார் 300 கிராம் ரொட்டி. அதையும் மறுநாள் காலைக்கென்று மிச்சம் வைக்க வேண்டும்.

பிளம் ஜாம் 300 கிராம். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தால் விழாத கெட்டி வேண்டும். சாதாரண ஜாம் இளகி ஓரங்களில் வழிந்து கருகும்.

அடுக்கும் வரிசையை நோட்டு சொன்னால் அதன்படி. சொல்லாவிட்டால் கீழிருந்து கசகசா, ஆப்பிள், வால்நட், ஜாம். மேல் மாவில் முட்டை தடவி, முள்கரண்டியால் அடிவரைக்கும் நிறைய இடங்களில் குத்துங்கள். ஆவி போக வழியில்லாவிட்டால் மேல் மாவு கூடாரம்போல் எழும்பி, ஆறியதும் தனியே கழன்றுவிடும். 180 டிகிரி, விசிறி ஓவனானால் 160; 50 முதல் 60 நிமிடம். சூட்டோடு வெட்டினால் சரியும். ஓர் இரவு விட்டுவிட்டு, ரம்பப் பல் கத்தியால் வெட்டுங்கள்.

செய்து சரியாக வந்ததும் நோட்டிலேயே திருத்தி எழுத ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். பிராகுக்கு வடமேற்கே தெரசின் நகரத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த ‘கெட்டோ’ பகுதியில் மீனா பெக்டர் என்ற மூதாட்டி இருந்தார். அவரும் உடனிருந்த பெண்களும் நினைவிலிருந்து எழுதிய சமையல் குறிப்புகளை, தன் மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு 1944-இல் யோம் கிப்பூர் என்ற யூத விரத நாளன்று அங்கேயே இறந்தார். அந்தக் காகிதக் கட்டு நியூயார்க்கில் இருந்த மகளின் கைக்கு வந்து சேர 25 ஆண்டு ஆயிற்று. அதில் சில குறிப்புகளில் ஒரு பொருள் விடுபட்டிருக்கும், சிலவற்றில் செய்முறையின் ஒரு கட்டமே இருக்காது. பட்டினியில் எழுதியவர்களின் கை அது. இட்டு நிரப்பியிருந்தால் அந்தத் தடம் அழிந்திருக்கும். பல முகாம்களில் பெண்கள் இரவில் இப்படி ‘வாயால் சமைத்தார்கள்’. என் வீட்டில் இத்தனை முட்டை, உன் வீட்டில் எத்தனை என்று சண்டைகூட நடக்கும்.

ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணெய்க்கறை, ஓரக் கிறுக்கல் உட்படப் படமெடுங்கள். வேறொரு நோட்டில் எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து, உங்கள் அளவுகளை அடைப்புக்குறிக்குள் வேறு மையில், தேதியோடு எழுதுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை சில வருஷத்தில் பழுப்பேறித் தாளைத் தின்னும். லேமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. மாமியாருக்குச் சம்மதமானால் லண்டனிலேயே உள்ள வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்தில் கேளுங்கள், இத்தகைய குடும்ப ஆவணங்களை அவர்கள் சேகரிக்கிறார்கள்.

இப்போது தோல் சூப். பள்ளிகளுக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்யவே மாட்டோம். பட்டினியை நடித்துக் காட்டும் பயிற்சிகள் வேண்டாம் என்றுதான் வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறது. ஒரு வேளை மட்டும் சுவைத்துவிட்டு ‘புரிந்துவிட்டது’ என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்பதே காரணம். உங்கள் வீட்டு விஷயம் வேறு. அந்தப் பசியைப் பட்டவரே தொடங்கி வைத்த வழக்கம் இது, தொடரலாம். ஆனால் இதைக் கவனியுங்கள்: பாட்டி முகாம் சூப்பை நோட்டில் எழுதவில்லை, ஃப்ளோட்னியைத்தான் எழுதினார். தோல் சூப் ஒரு கிண்ணத்தோடு நிற்கட்டும், சாப்பாடு வேறாக இருக்கட்டும்.

ஒரு கிலோ உருளைக்கிழங்கு, பழையதாக இல்லாமல், பச்சை படராமல், முளை விடாமல் இருக்க வேண்டும். பச்சைப் பகுதியிலும் முளையைச் சுற்றியும் சோலனின் என்ற நச்சு சேரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. முக்கியமாகத் தோலில்தான் தங்கும், சின்ன உடம்புக்குக் குறைந்த அளவே வயிற்றுவலியும் வாந்தியும் தரும். பிரஷால் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவி, தோலைச் சற்று தடிப்பாகச் சீவுங்கள். ஒரு வெங்காயம், உப்பு, ஒன்றே கால் லிட்டர் தண்ணீர், அரை மணி நேரம். முதலில் நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள். கசந்தாலோ தொண்டை எரிந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். 9 வயதுப் பிள்ளை கேட்டால் அரைக் கப் கொடுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். 6 வயதுக்கு அன்று சூப்பும் வேண்டாம், முகாம் கதையும் வேண்டாம். கொள்ளுப்பாட்டி சின்ன வயதில் என்ன கேக் சாப்பிட்டார் என்பது போதும்.

பெரிய பிள்ளை, ‘காப்பாற்றியதும் வயிறு நிறையச் சாப்பிட்டாரா?’ என்று கேட்கலாம். பெல்சனில் பிரிட்டிஷ் படை நுழைந்தபோது சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்குப் பின்னும் 13,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டைஃபஸ் காய்ச்சலும் நெடும்பட்டினியும் முதல் காரணங்கள். ஆனால் படைவீரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்த கொழுப்பான டின் உணவே, காய்ந்துபோன குடலுக்கு எமனானதும் உண்டு. பிறகு 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட ஒரு சர்க்கரைக் கஞ்சியை அங்கே கொண்டுவந்தார்கள். அந்த இனிப்பு ஐரோப்பியர்களுக்கு இறங்கவில்லை. பாப்ரிகா மிளகாய்ப்பொடி சேர்த்த பிறகே சற்று இறங்கியது. இந்தியப் பஞ்சத்தின் கஞ்சி பெல்சன் வரை போன கதையை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்வதே பொருத்தம்.

கடைசியாகத் தேதி. அந்த நினைவு நாளின் பெயர் யோம் ஹஷோவா, எபிரேய நாட்காட்டியில் நிசான் மாதம் 27. அவர்கள் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கும். 2026-இல் ஏப்ரல் 13 மாலை தொடங்கி 14 மாலை முடியும். அது விரத நாள் இல்லை, சாப்பிடத் தடையில்லை. கொண்டாட்டம்தான் கூடாது. இஸ்ரேலில் கேளிக்கைக் கூடங்களை அன்று மூடுவார்கள். காலை பத்து மணிக்குச் சைரன் ஒலிக்க, நாடு இரண்டு நிமிடம் நின்றுவிடும்.

மாமியார் பாஸ்கா என்ற யூதப் பண்டிகையை அனுசரிப்பவரானால் ஏப்ரல் 9 இரவு வரை வீட்டில் மாவுப் பண்டம் கூடாது. 10 மாலை முதல் 11 இரவு வரை சபத், அவர்கள் வேலை செய்யாத வார ஓய்வு நாள். ஆகவே ஃப்ளோட்னிக்கு ஏற்ற நாள் 12 ஞாயிறு. 13 மாலை, எட்டு மணிக்குச் சற்று முன் சூரியன் மறையும்போது, 24 மணி நேரம் எரியும் நினைவு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு அதை வெட்டுங்கள். 14 காலை சாமி கும்பிட்டு, மாங்காய்ப் பச்சடியோடு எளிய சாப்பாடு போதும். வடை பாயசத்தை 19 ஞாயிறுக்குத் தள்ளுங்கள், மதுரைக்கு முன்கூட்டியே ஃபோனில் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. அவர்கள் கோஷர் என்ற யூத உணவு முறை பார்ப்பவர்களாக இருந்தால் இன்னொன்று: வாத்துக் கொழுப்பில் செய்த ஃப்ளோட்னி இறைச்சிக் கணக்கு. அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பால் பாயசமும் பால் டீயும் உடனே கொடுக்கக் கூடாது. மார்ஜரினில் செய்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் பாக்கெட்டில் பால் பொருள் கலக்கவில்லை என்று பார்த்து வாங்குங்கள். ஒயினும் கோஷர் முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும்.